கிங்ஸ் கிராஸ்: ஒரு வாசலின் வரலாறு

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இலக்கியக் கூட்டத்தில் ரயில் நிலையத்தைப் பற்றி என்ன பேசப்போகிறீர்கள் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். நிலையத்தைப் பற்றிக்கூட இல்லை, அதன் வாசலைப் பற்றி மட்டும்தான் என்றேன். சிரித்துக்கொண்டே நேரம் ஒதுக்கிக் கொடுத்தார். அவருக்கு நன்றி.

நான் 1998இல் இரண்டு வருட ஒப்பந்தத்தில் லீட்ஸ் நகருக்கு வேலைக்கு வந்தவன். மாதம் ஒருமுறை லண்டன் வருவேன். ஈஸ்ட் ஹாமில் நண்பன் வீட்டில் தங்கி, புளி, பெருங்காயம், பச்சரிசி எல்லாம் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறுவேன். பாதாள ரயிலில் வந்து படியேறினால் தாழ்ந்த கூரை போட்ட ஒரு கூடம். அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் பெட்டிகளோடு கழுத்தை நிமிர்த்தி அறிவிப்புப் பலகையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிளாட்பாரம் எண் விழுந்ததும் எல்லோரும் ஒரே பக்கமாக ஓடுவார்கள். நானும் அரிசி மூட்டையோடு ஓடுவேன். கிங்ஸ் கிராஸ் என்றால் எனக்கு அவ்வளவுதான்.

ஒரு நாள் பாதாள ரயில் ஓடவில்லை. பஸ்ஸில் வந்து யூஸ்டன் சாலையின் எதிர்ப்பக்கம் இறங்கினேன். அப்போதுதான் முதல்முறையாக அந்த நிலையத்தை வெளியிலிருந்து பார்த்தேன். நான் வழக்கமாக நின்று தவிக்கும் தட்டைக் கூரைக்கு மேலே, இரண்டு பிரமாண்டமான செங்கல் வளைவுகளின் மேற்பாதி தெரிந்தது. நடுவில் ஒரு மணிக்கூண்டு. கீழ்ப்பாதியை நம்முடைய கூடம் மறைத்துக்கொண்டிருந்தது. நல்ல முகம் ஒன்றின் வாயில் துணியைக் கட்டியதுபோல. இது எப்படி நடந்தது என்ற கேள்வியில்தான் இந்த உரை தொடங்குகிறது.

முதலில் பெயர். கிங்ஸ் கிராஸில் எந்த அரசனும் இல்லை. 1830களில் இந்தச் சாலைச் சந்திப்பில் நான்காம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். ஏறக்குறைய 60 அடி உயரம், உச்சியில் மன்னரின் சிலை. யாருக்கும் அது பிடிக்கவில்லை. அதன் அடித்தளத்தைக் காவல் நிலையமாக வைத்துப் பார்த்தார்கள், பிறகு மதுக்கடையாக வைத்துப் பார்த்தார்கள். 1845இல் இடித்துத் தள்ளிவிட்டார்கள். மன்னர் பதினைந்து வருடம்கூட அங்கே நிற்கவில்லை. பெயர் மட்டும் பேட்டைக்கு ஒட்டிக்கொண்டது, பிறகு நிலையத்துக்கும் வந்தது.

நிலையத்தைக் கட்டியது கிரேட் நார்தர்ன் ரயில்வே கம்பெனி. அதற்காக எடுத்துக்கொண்ட இடத்தில் அதற்கு முன் அம்மை நோய் மருத்துவமனை இருந்தது. லூயிஸ் கியூபிட் என்பவர் வடிவமைத்தார். 1852 அக்டோபர் 14 அன்று திறந்தார்கள். அந்தக் காலத்து லண்டனில் ரயில் நிலையம் என்றால் கோயில்போலவோ அரண்மனைபோலவோ இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். கியூபிட் அப்படிச் செய்யவில்லை. நீளவாக்கில் இரண்டு ரயில் கொட்டகைகள், அவற்றின் முன்பக்கத்தில் அதே அளவில் இரண்டு வளைவுகள், நடுவில் கடிகாரம். மஞ்சள் செங்கல்லில், ஆடம்பரம் இல்லாமல். முகப்பைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். இதற்கே பணத்தை வாரி இறைத்துவிட்டார்கள் என்று பங்குதாரர்களில் சிலர் புகார் சொன்னார்கள். உள்ளே அடங்கியிருப்பதை வைத்துப் பார்த்தால் லண்டனிலேயே மலிவான கட்டடம் இதுதான் என்று கம்பெனித் தலைவர் பதில் சொல்லவேண்டியிருந்தது.

இங்கே ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அன்று அந்த நிலையத்தில் பயணிகளுக்கு இரண்டே பிளாட்பாரம். கிழக்குப் பக்கத்தில் வந்து சேரும் ரயில்களுக்கு ஒன்று, மேற்குப் பக்கத்தில் புறப்படும் ரயில்களுக்கு ஒன்று. இடையில் இருந்த இடமெல்லாம் காலிப் பெட்டிகளை நிறுத்திவைக்க. ஊருக்குப் போகிறவர் மேற்குப் பக்கமாக நுழைந்து, அங்கே இருந்த பயணச்சீட்டு அலுவலகத்தில் சீட்டு வாங்கி, நேராகப் பிளாட்பாரத்துக்குப் போவார். தெற்கே சாலையைப் பார்த்து நிற்கும் வளைவுகள் முகம். புறப்படுகிறவருக்கான வாசல் பக்கவாட்டில், மேற்கே இருந்தது.

பழைய கட்டடம் என்றால் கட்டிய நாளிலிருந்து அப்படியே இருந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த நிலையத்தை மாற்றும் வேலை பதினேழாவது வருடமே தொடங்கிவிட்டது. கொட்டகைகளின் கூரையைத் தாங்கிய விலாக்கள் முதலில் மரத்தால் ஆனவை. புகையும் நீராவியும் மரத்தைத் தின்றுவிட்டன. 1869-70இல் கிழக்குக் கொட்டகையிலும், 1886-87இல் மேற்குக் கொட்டகையிலும் உலோக விலாக்களைப் பொருத்தினார்கள். போக்குவரத்து பெருகப் பெருக நடுவில் இருந்த காலியிடத்தில் பிளாட்பாரங்கள் வந்தன. 1863இல் உலகின் முதல் பாதாள ரயில் பாதை இந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு போனது. 1941 மே 11 அதிகாலையில் மேற்குப் பக்கத்தில் விழுந்த குண்டுகள் அலுவலகப் பகுதியை நொறுக்கின. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். இடிந்த பகுதி பல ஆண்டுகள் இடிந்ததாகவே கிடந்தது.

வாசலும் மெல்ல இடம் மாறியது. பாதாள ரயில் பயணிகள் தெற்கே சாலைப் பக்கத்தில் மேலேறினார்கள். அவர்களுக்காக முகப்பின் முன்னால் கடைகளும் கொட்டகைகளும் முளைத்தன. 1970களின் தொடக்கத்தில் அவற்றையெல்லாம் அகற்றிவிட்டு, பிரிட்டிஷ் ரயில் நிறுவனம் தன் சொந்தக் கட்டடக் கலைஞர்களை வைத்து ஒரு மாடிகூட இல்லாத தட்டைக் கூரைக் கூடத்தை முகப்போடு ஒட்டினாற்போலக் கட்டியது. நான் அரிசி மூட்டையோடு நின்ற கூடம் அதுதான். அதைத் தற்காலிக ஏற்பாடு என்றே சொன்னார்கள். நாற்பது ஆண்டுகள் நின்றது. மன்னரின் சிலையைவிடப் பல மடங்கு நீண்ட ஆயுள்.

அந்தக் கூடத்தைக் கட்டியவர்களைத் திட்டுவது சுலபம். அந்தக் காலத்தின் மனநிலையைப் புரிந்துகொள்ள, இதே யூஸ்டன் சாலையில் மேற்கே நடந்தால் போதும். பதினைந்து நிமிட நடையில் யூஸ்டன் நிலையம். 1837இல் திறந்த அந்த நிலையத்துக்கு, கிரேக்கப் பாணியில் சுமார் 70 அடி உயரத்தில் ஒரு கல் வாசல் இருந்தது. பிலிப் ஹார்ட்விக் கட்டியது. புதிய நிலையம் வேண்டும் என்று 1961-62இல் அதை இடித்தார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமனும் கட்டடக் கலை வரலாற்றாசிரியர் நிக்கோலஸ் பெவ்ஸ்னரும் போராடிப் பார்த்தார்கள். பிரதமர் மேக்மில்லன் வரை மனு போனது. பயன் இல்லை. அந்தக் கற்களில் பெரும்பகுதி கிழக்கு லண்டனில் ஒரு நீர்வழியின் அடியில் பள்ளத்தை நிரப்பப் போடப்பட்டதை 1994இல்தான் கண்டுபிடித்தார்கள். 1968இல் திறந்த இன்றைய யூஸ்டனைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே எதுவும் சொல்லவேண்டியதில்லை.

யூஸ்டனில் விழுந்த அடிதான் பக்கத்திலிருந்த செயின்ட் பாங்க்ராஸைக் காப்பாற்றியது. 1868இல் திறந்த நிலையம் அது. அதையும் மூடிவிடும் யோசனை 1960களில் இருந்தது. 1967இல் உச்சநிலைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்த பிறகு யாராலும் கை வைக்க முடியவில்லை. அங்கே தண்டவாளங்கள் தரைமட்டத்துக்கு மேலே இருக்கின்றன. அடியில், பர்ட்டன் நகரத்திலிருந்து வரும் பீர் பீப்பாய்களை அடுக்க ஒரு நிலவறை. அதன் தூண்களின் இடைவெளியைப் பீப்பாயின் அளவை வைத்தே கணக்கிட்டிருந்தார்கள். 2007இல் யூரோஸ்டார் ரயில் அங்கே மாறியபோது, மேல்தளத்தை வெட்டித் திறந்து வெளிச்சத்தைக் கீழே இறக்கி, அந்த பீர் நிலவறையையே பயணிகளின் நுழைவுக் கூடமாக்கினார்கள். புதிதாக ஒரு வாசலைக் கட்டி ஒட்டவில்லை. உள்ளே இருந்த இடத்தையே திறந்துவிட்டார்கள்.

ஆக ஒரே சாலையில் மூன்று நிலையங்கள். ஒன்றில் வாசலை இடித்தார்கள். ஒன்றில் நிலவறையை வாசலாக்கினார்கள். கிங்ஸ் கிராஸோ, தன் முகத்தின்மேல் தற்காலிகக் கூரையைச் சுமந்துகொண்டு நின்றது. அது அப்படியே தொடர முடியாமல் போனதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. அதைச் சொல்ல ஒரு கெட்ட மாலையைப் பற்றிப் பேசவேண்டும்.

1987 நவம்பர் 18, புதன்கிழமை. இரவு ஏழரை மணி இருக்கும். பாதாள ரயில் நிலையத்தின் பிக்காடில்லி பாதையிலிருந்து மேலேறும் எஸ்கலேட்டரில் தீ தெரிந்தது. மரத்தாலான பழைய எஸ்கலேட்டர். யாரோ சிகரெட் பற்றவைத்துவிட்டுப் போட்ட தீக்குச்சி இடுக்கு வழியாக அடியில் விழுந்திருக்கிறது. அங்கே பல்லாண்டுகளாகச் சேர்ந்த கிரீஸும் தூசியும் இருந்தன. சுரங்க நிலையங்களில் புகைபிடிப்பதை 1985இலேயே தடை செய்திருந்தார்கள். ஆனாலும் வெளியே போகிற வழிதானே என்று எஸ்கலேட்டரிலேயே பற்றவைப்பது பலரின் பழக்கம். முதலில் சிறு தீ. அட்டைப்பெட்டி எரிவதுபோலத்தான் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கீழே இருந்த பயணிகளை வேறொரு எஸ்கலேட்டர் வழியாக மேலே பயணச்சீட்டுக் கூடத்துக்கு அனுப்பினார்கள். தப்பிக்கும் வழி அதுதான் என்று நினைத்தார்கள். சுமார் ஏழே முக்காலுக்கு எஸ்கலேட்டர் சரிவு முழுவதும் தீ பாய்ந்து அதே கூடத்துக்குள் வெடித்தது. 31 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் யார் என்று கண்டுபிடிக்கப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

டெஸ்மண்ட் ஃபென்னெல் தலைமையில் விசாரணை நடந்தது. சாய்வான பள்ளத்தில் தீ எப்படித் தரையோடு படுத்துப் பாயும் என்பதே அந்த விசாரணைக்கான கணினிக் கணக்குகளிலும் மாதிரிச் சோதனைகளிலும்தான் தெளிவானது. அறிக்கை 1988இல் வந்தது. மர எஸ்கலேட்டர்களை அகற்றுவது, ஊழியர் பயிற்சி, தீயறிவிப்புக் கருவிகள் என்று நிறையப் பரிந்துரைகள். அவற்றோடு நெரிசலைப் பற்றியும் பேசியது அந்த அறிக்கை. எத்தனையோ பாதைகளின் கூட்டம் வந்து சேரும் இடத்தில், அத்தனை பேரும் ஒரே கூடத்தின் வழியாக மேலேறவேண்டியிருந்தது. நாம் வாசல் என்றால் உள்ளே போகும் இடம் என்று நினைக்கிறோம். ஆபத்து வந்தால்தான் அது வெளியே போகும் இடம் என்று தெரிகிறது.

கீழே வழிகளைப் பிரித்துப் பரப்பும் வேலை நீண்டகாலம் நடந்தது. 2006இல் மேற்குப் பயணச்சீட்டுக் கூடம், 2009 நவம்பரில் வடக்குப் பயணச்சீட்டுக் கூடம். இந்த வடக்குக் கூடம் எங்கே இருக்கிறது தெரியுமா? கிங்ஸ் கிராஸின் மேற்குச் சுவருக்கும், 1854இல் கட்டிய கிரேட் நார்தர்ன் ஹோட்டலின் வளைந்த முதுகுக்கும் இடைப்பட்ட நிலத்தின் அடியில். அதற்கு மேலேதான் புதிய வாசல் எழுந்தது.

அதை வடிவமைத்தவர்கள் ஜான் மெக்காஸ்லன் குழுவினர். கட்டமைப்புப் பொறியியல் அருப் நிறுவனம். அவர்களுக்கு இருந்த சிக்கல்களைப் பாருங்கள். ஒரு பக்கம் பாதுகாக்கப்பட்ட பழைய சுவர். அதன்மேல் எடையை ஏற்றக்கூடாது. அடியில் பாதாள நிலையத்தின் கூடம். நினைத்த இடத்தில் தூணை இறக்க முடியாது. அதனால் பழைய சுவருக்கு அருகில் மையமாக ஒரு புனலை வைத்து, அதிலிருந்து இரும்புச் சட்டங்களை விசிறிபோல விரித்து, வெளிவட்டத்தில் 16 மரம்போன்ற தூண்களில் கொண்டுபோய் இறக்கினார்கள். அரைவட்டக் கூடம், 20 மீட்டர் உயரம். அந்த அரைவட்டம் எதிரே உள்ள ஹோட்டலின் வளைவோடு பொருந்துகிறது. கூரை பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, ஆனால் அதன்மேல் சாயவில்லை. உள்ளே நின்று கூரையைப் பார்ப்பவர்கள் அதிகம். நான் எதிர்ப்பக்கம் திரும்பி அந்தச் சுவரைப் பார்க்கச் சொல்வேன். நூற்றைம்பது வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற வெளிச்சுவர், இப்போது ஒரு பெரிய அறையின் உட்சுவராக இருக்கிறது. குண்டு விழுந்து இடிந்த பகுதியையும் பழைய அமைப்பிலேயே மீண்டும் கட்டி எழுப்பிவிட்டார்கள். ஹோட்டலும் தன் பங்கைக் கொடுத்தது. அதன் தரைத்தள அறைகளில் ஒரு பகுதியை எடுத்து, மக்கள் நடந்துபோக வழிவிட்டார்கள்.

2012 மார்ச் 19 அன்று, ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சில மாதங்களுக்கு முன், புதிய கூடம் மக்களுக்குத் திறந்தது. பழைய கூடத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியது. மொத்தப் புனரமைப்புக்கும் 50 கோடி பவுண்டுக்கு மேல் செலவு. அந்த ஆண்டின் இறுதியில் தற்காலிகக் கூடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். 2013 செப்டம்பரில் அதே இடம் திறந்த சதுக்கமாகியது. வளைவுகளின் கீழ்ப்பாதியை நான் அன்றுதான் பார்த்தேன்.

இப்போது நான் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன விவரத்துக்கு வருகிறேன். இன்று ஊருக்குப் புறப்படுகிறவர்கள் மேற்குக் கூடத்தின் வழியாக நுழைகிறார்கள். பயணச்சீட்டு அலுவலகம் பழைய இடத்திலேயே இருக்கிறது. ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தெற்கு வளைவுகளின் வழியாகச் சதுக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். புறப்படுகிறவர் ஒரு பக்கம், வருகிறவர் ஒரு பக்கம். 1852இல் கியூபிட் வைத்த ஒழுங்கு இதுதானே? நவீன வாசல் என்று நாம் கொண்டாடுவது, பழைய வாசல் இருந்த பக்கத்துக்கே திரும்பிப் போனதுதான். பழைய கட்டடத்தோடு எதையாவது சேர்க்கிறவர்கள், அந்தக் கட்டடம் முதலில் எப்படி இயங்கியது என்று கேட்டுவிட்டுத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

குறைகளும் உண்டு. பிளாட்பாரங்களுக்குக் குறுக்கே நின்ற விக்டோரியா காலத்து இரும்பு நடைபாலத்தைக் கழற்றிவிட்டார்கள். அது இப்போது ஹாம்ப்ஷயரில் ரோப்லி என்ற சிறிய நிலையத்தில் நிற்கிறது. தொலைந்துபோகவில்லை என்பது ஆறுதல். கூடத்தின் மேல்தளம் முழுக்க உணவுக்கடைகள். கூட்டம் அதிகமாக நிற்பது ரயிலுக்காக அல்ல, ஹாரி பாட்டர் கதையின் ஒன்பதே முக்கால் பிளாட்பாரத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்ள. சுவருக்குள் பாதி புதைந்த தள்ளுவண்டி ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். எழுதும்போது யூஸ்டனையும் கிங்ஸ் கிராஸையும் குழப்பிக்கொண்டேன் என்று ரௌலிங்கே சொல்லியிருக்கிறார். இத்தனை வாசல்களைக் கட்டியும் இடித்தும் பார்த்த நிலையத்தில், மக்கள் வரிசையில் நின்று பார்ப்பது இல்லாத வாசல் ஒன்றை.

பெரிய குறை வேறு. வாசல் மாறியபோது பேட்டையும் மாறியது. நிலக்கரியும் தானியமும் இறங்கிய கிடங்குகள் இன்று கல்லூரியாகவும் விலை உயர்ந்த கடைகளாகவும் இருக்கின்றன. நான் வந்த காலத்தில் இரவில் நடக்கப் பயப்படும் தெருக்கள் இவை. இன்று பயம் இல்லை, ஆனால் வாடகை கொடுக்க முடியாது. பயம் இருந்த காலத்தில் அங்கே குடியிருந்தவர்களில் எத்தனை பேர் இன்றைய வெளிச்சத்தை அனுபவிக்கிறார்கள் என்பது நியாயமான கேள்வி. கூரையின் அழகு அதற்குப் பதில் ஆகாது.

கடைசியாக, தற்காலிகம் என்ற சொல்லைப் பற்றி. அந்தப் பழைய கூடம் மோசமாக இருந்ததற்கும், அவ்வளவு காலம் இருந்ததற்கும் காரணம் ஒன்றுதான். தற்காலிகம்தானே என்று கட்டினார்கள், அதனால் ஒழுங்காகக் கட்டவில்லை. தற்காலிகம்தானே என்று விட்டுவைத்தார்கள், அதனால் யாரும் அகற்றவில்லை. நான் லீட்ஸில் இருந்த வீட்டில் ஐந்து வருடம் சுவரில் ஒரு ஆணி அடிக்கவில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் பாதி பிரித்தபடியே கிடந்தது. இரண்டு வருடத்தில் போகிறவனுக்கு எதற்கு என்று நினைப்பு. நம்மில் பலர் அப்படித்தான். வார இறுதித் தமிழ்ப் பள்ளியை இருபது வருடமாக ஏதோ ஒரு தேவாலயத்தின் வாடகை மண்டபத்தில் நடத்துகிறோம், புத்தகங்களை யாருடைய கராஜிலோ வைத்திருக்கிறோம். இடம் தேடலாமே என்று யாராவது சொன்னால், இப்போதைக்கு இது போதும் என்கிறோம். அந்த ‘இப்போதைக்கு’ எத்தனை வருடம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

போன மாதம் எடின்பரோவிலிருந்து வந்த என் மகளை அழைக்கப் போயிருந்தேன். சதுக்கத்தில், வளைவுகளுக்கு எதிரே நின்றேன். அவள் வெளியே வந்ததும், இந்த இடத்தில்தான் நான் அரிசி மூட்டையோடு ஓடுவேன் என்று காட்டினேன். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றுமே இல்லையே அப்பா என்றாள். ஆமாம், ஒன்றும் இல்லாமல் ஆக்கத்தான் நாற்பது வருடம் ஆனது என்றேன்.